பென்ஷன் நிற்காமல் பணம் சேர்ப்பது

அத்திப்பட்டு, வள்ளூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று சென்னையிலிருந்து வடக்கே போகும் தண்டவாளத்தை ஒட்டிய ஊர்களில் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குகிறவர்களிடம் சேமிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு பதில் சீக்கிரமே வந்துவிடும்: "பேங்க்ல பணம் சேர்ந்தா பென்ஷனக் கட் பண்ணிடுவாங்க." அதனால் தொகை ஏறிய அன்றே துடைத்து எடுத்துவிடுவார்கள். பிறகு அது அரிசி டப்பாவுக்குப் போகும், அக்கா பேரில் போகும், இல்லையென்றால் தீபாவளிச் சீட்டுக்குப் போகும்.

இதே பயம் அமெரிக்காவில் இருந்தால் நியாயம் உண்டு. அங்கே எஸ்.எஸ்.ஐ. என்னும் உதவித்தொகை வாங்கும் தனி ஆளிடம் 2,000 டாலருக்கு மேல் சொத்து சேர்ந்தால் தொகை நின்றுவிடும். 1989இல் வைத்த வரம்பு அது, இன்றுவரை உயரவில்லை. சேமித்தால் தண்டனை என்றிருந்த இந்த நிலையைச் சரிசெய்ய 2014 டிசம்பரில் 'ஏபில்' என்றொரு சட்டம் போட்டு, அதன்கீழ் தொடங்கும் தனிக் கணக்கில் 1 லட்சம் டாலர் வரை இருந்தாலும் கணக்கில் எடுப்பதில்லை என்று ஆக்கினார்கள். தமிழ்நாட்டு உதவித்தொகை விதிகளில் வங்கி இருப்புக்கென்று இப்படி ஒரு வரம்பு இல்லை. இங்கே பார்ப்பது ஊனத்தின் சதவீதம், ஆண்டு வருமானம், அரசு வேலை உண்டா, வேறு பென்ஷன் வருகிறதா என்பவற்றை. தொகை நிற்பதும் பெரும்பாலும் இவற்றால்தான்; அல்லது காகிதத்தில் ஏதோ ஒரு எழுத்து பிசகியதால். ஆகவே பணம் சேர்க்க வழி இருக்கிறது. ஆனால் வரிசை மாறாமல் செய்ய வேண்டும்.

முதலில், வருவது எந்தப் பென்ஷன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பத்து வருடமாக வாங்குகிறவருக்கும் இது தெரியாமல் இருப்பதுண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாமாதம் பணம் தரும் துறைகள் இரண்டு. ஒன்று வருவாய்த் துறை. தாலுகா அலுவலகத்தில் உட்காரும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணை போடுவார். 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய். 18 வயது நிரம்பி, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு இருப்பவர்களுக்கானது. இன்னொன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை. அது மாதம் 2,000. இது 75 சதவீதத்துக்குமேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு நோய், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள், முதுகுத் தண்டுவடம் அடிபட்டவர்கள் போன்றோருக்கு. பணம் ஏறும்போது பாஸ்புத்தகத்தில் விழும் தொகையைப் பார்த்தாலே எது என்று தெரியும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. "அதுக்கும் எழுதிப் போடு, எது வந்தாலும் லாபம்தானே" என்று புரோக்கர் சொல்வதைக் கேட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதற்கும் விண்ணப்பித்தால், ஆதார் எண் ஒப்பிடும்போது மாட்டிக்கொள்ளும். 75 சதவீதத்தைத் தாண்டியவர் 1,500இலிருந்து 2,000க்கு மாறுவது நியாயமான உரிமை. பழையதை விட்டுக்கொடுப்பதாக எழுத்தில் கொடுத்துவிட்டே மாற வேண்டும்.

இந்த இடத்தில் அடையாள அட்டையையும் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. யு.டி.ஐ.டி. என்னும் அந்த அட்டையில் சதவீதமும், சான்று நிரந்தரமா தற்காலிகமா என்பதும் இருக்கும். தற்காலிகச் சான்றுக்குக் காலாவதித் தேதி உண்டு. சிப்காட் தொழிற்பேட்டையில் பிரஸ் மிஷினில் விரல் போனவருக்கும், ஜி.என்.டி. நெடுஞ்சாலையில் அடிபட்டவருக்கும் தொடக்கத்தில் தற்காலிகமாகவே தந்திருக்கக்கூடும். தேதி முடிவதற்கு முன்பே மறுமதிப்பீட்டுக்குப் போய்விட வேண்டும். இல்லையென்றால் சேமிப்பால் நிற்காத பென்ஷன் இதனால் நின்றுபோகும்.

அடுத்து, ஒரு தாளில் வீட்டுக்கு வரும் உதவிகள் எல்லாவற்றையும் எழுதி, எதிரே அது எதை அளக்கிறது என்று குறிக்க வேண்டும். நான் முக்கியமாக நினைக்கும் படி இதுதான். அரசு உதவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வரம்பு இருப்பதாக நினைப்பதால்தான் பயமும் வருகிறது, ஏமாற்றமும் வருகிறது. பராமரிப்பு உதவித்தொகைக்கு வருமான உச்சவரம்பு இல்லை. வருவாய்த் துறைப் பென்ஷனில், தனியார் வேலையோ சொந்தத் தொழிலோ செய்கிறவருக்கு ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை இருக்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். வீட்டுப் பெண்ணுக்கு வரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2,50,000. அதோடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடக்கூடாது, கார், ஜீப், டிராக்டர் இருக்கக்கூடாது. (அரசு கொடுத்த ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரங்களைச் சேர்த்து எண்ணினால் நாலு சக்கரம் வருகிறதே என்று ஒருவர் கவலைப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். விதி சொல்வது கார், ஜீப் வகையறாவை.) இப்படி எழுதிப் பார்த்தால் எந்த உதவி எல்லையில் தொங்கிக்கொண்டிருக்கிறது, எதற்குக் கவலையே வேண்டாம் என்று பளிச்சென்று தெரியும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ மீஞ்சூர்ப் பக்கத்துக் கம்பெனிகளிலோ வேலைக்குப் போகிறவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். 3 லட்சத்தை 12ஆல் வகுத்தால் மாதம் 25,000. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் மற்றவர்களுக்குச் சம்பள வரம்பு 21,000 என்றாலும் மாற்றுத்திறனாளித் தொழிலாளிக்கு அது 25,000. இரண்டு வேறு சட்டதிட்டங்கள் ஒரே எண்ணில் வந்து நிற்பதால், 25,000க்குக் கீழே இருந்தால் இரண்டும் பத்திரம் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. இ.எஸ்.ஐ. வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் சேராது. ஆண்டு வருமானம் என்று வரும்போது கைக்கு வந்த ஓவர்டைமும் போனஸும் வருமானம்தான். மாதம் 23,000 சம்பளக்காரர் தீபாவளி போனஸோடு ஆண்டின் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒப்பந்தக்காரர் மூலம் கிடைக்கும் கம்பெனி வேலை அரசு வேலை ஆகாது. பென்ஷன் போய்விடும் என்று பயந்து சம்பளச் சீட்டே வேண்டாம், கையில் ரொக்கமாகக் கொடு என்று கேட்பவர்கள் பி.எஃப்.பையும் இ.எஸ்.ஐ.யையும் சேர்த்து இழக்கிறார்கள். பணியிடத்தில் அடிபட்டு நிரந்தர ஊனம் ஏற்பட்டால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்கு இ.எஸ்.ஐ. ஆயுள் முழுக்கப் பணம் தரும். திரும்ப வேலைக்குச் சேர்ந்தாலும் அது நிற்காது. இரும்பு உருட்டாலைகளும் வார்ப்பாலைகளும் நிறைந்த இந்தப் பகுதியில் இதைவிடப் பெரிய சேமிப்பு வேறு இல்லை என்றே சொல்லலாம்.

மூன்றாவது படி கணக்குகளைப் பிரிப்பது. பென்ஷன் ஏறும் கணக்கு தனியே இருக்கட்டும். குறைந்தபட்ச இருப்புக் கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக இருந்தால் இன்னும் நல்லது. அப்படிப்பட்ட கணக்கு வைத்திருப்பவர் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைக்க முடியாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே சேமிப்புக்கு வேறொரு வங்கியையோ தபால் நிலையத்தையோ தேடுங்கள். இங்கே ஒரு கண்ணி உண்டு. ஆதார் வழியாக அனுப்பப்படும் உதவிகள், எந்தக் கணக்கில் கடைசியாக ஆதாரை உதவிப் பணத்துக்கென்று இணைத்தீர்களோ அந்தக் கணக்கைத் தேடிப் போகும். ஒப்பந்தக்காரர் ஐம்பது பேரை வரிசையில் நிற்கவைத்துச் சம்பளக் கணக்கு தொடங்கும்போது நீட்டும் படிவத்தில் அந்த இணைப்புக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுவது சகஜம். வேலை ஆறு மாதத்தில் முடிந்துவிடும், அந்த ஏ.டி.எம். கார்டு எங்கேயோ போய்விடும், "பணம் வரல" என்று தாலுகா ஆபீஸுக்கு நடப்பார்கள். பணம் நிற்கவில்லை, வீடு மாறிவிட்டது. புதுக் கணக்குக்குக் கையெழுத்துப் போடும்போது, அரசு உதவி பழைய கணக்குக்கே வரட்டும் என்று சொல்லிவிட வேண்டும்.

வங்கியில் கவுன்ட்டர்க்காரர் முகம் சுளித்தால் திரும்பி வந்துவிட வேண்டாம். பார்வையற்றவருக்குக் காசோலைப் புத்தகம், ஏ.டி.எம்., லாக்கர் எதையும் மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008இலேயே சொல்லிவிட்டது. கையெழுத்துப் போட முடியாதவர் கைவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி, அதில் ஒருவர் வங்கி அதிகாரி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 13ஆவது பிரிவில், சொத்து வைத்திருக்கவும் தன் பணத்தைத் தானே ஆளவும் உள்ள உரிமையை எழுதியே வைத்திருக்கிறது. துணைக்கு வந்தவரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகத்தான் தொடங்க வேண்டும் என்று யாரேனும் சொன்னால், அது அந்தக் கிளையின் வசதிக்காகச் சொல்வது.

நான்காவதாக, எதில் போடுவது. பென்ஷனில் மிச்சம் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்; 1,500 ரூபாயில் மருந்து போக, ஆட்டோவுக்குப் போக என்ன இருக்கும்? தபால் நிலையத்து ஆர்.டி. என்னும் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்குகிறது, ஐந்து வருடம். பன்னிரண்டு தவணை கட்டி ஒரு வருடம் ஓடிவிட்டால், கட்டியதில் பாதி வரை அதன்மேலேயே கடன் வாங்கலாம். திடீரென்று வரும் ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தண்டல்காரரிடம் போகாமல் இருக்க இதுவே போதும். அதற்குமேல் மிஞ்சினால் பி.பி.எஃப். என்னும் பொது வருங்கால வைப்பு நிதி. ஆண்டுக்கு 500 போட்டாலும் கணக்கு உயிரோடு இருக்கும், பதினைந்து வருடம், வட்டிக்கு வரி கிடையாது, கடனுக்காக நீதிமன்றம்கூட அதை ஜப்தி செய்ய முடியாது. வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டையும் வங்கியில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். 2 லட்ச ரூபாய்க் காப்பு அது. வருமான வரியைப் பற்றி இங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. இந்த வட்டாரத்துத் தொழிலாளி பெரும்பாலும் அந்த எல்லைக்கே போவதில்லை.

வங்கியை விட்டு விலகியவர்கள் எங்கே போய் விழுகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மாதம் 30 சதவீதம் வரை வட்டி என்று சொன்ன ஆருத்ரா கோல்டு நிறுவனத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் போட்ட 2,438 கோடி ரூபாய் சிக்கியது 2022இல் வெளியே வந்தது. அக்கா பேரில் போட்டவர் பணம் ஏமாற்றப்படாமலே போய்விடக்கூடும்: அக்கா இறந்தால் சட்டப்படி அது அக்காவின் வாரிசுகளுக்கு. வங்கியில் போட்டதற்கோ 5 லட்சம் வரை வைப்பு நிதிக் காப்பீடு இருக்கிறது. ஒளித்து வைப்பதன் செலவு இப்படி அதிகம், ஒளிக்க வேண்டிய தேவையோ இல்லை.

ஆனால் வட்டியை மறந்துவிடக்கூடாது. இருப்பைக் கேட்காத அரசு வருமானத்தைக் கேட்கிறது, வட்டி வருமானம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மீஞ்சூரில் தையல் மிஷின் போட்டு மாதம் 9,000 சம்பாதிக்கும் ஒருவருக்கு ஆண்டு வருமானம் 1,08,000. அவரிடம் 2 லட்சம் வைப்புத்தொகையாக இருந்து, நூற்றுக்கு ஏழு வீதம் வட்டி வந்தால் 14,000. மொத்தம் 1,22,000. பென்ஷனுக்கு 3 லட்சம் வரை இடமிருப்பதால் அது அசையாது; காப்பீட்டு அட்டையின் 1,20,000 கோடு மட்டும் தாண்டிவிட்டது. அறுவைச் சிகிச்சை காத்திருக்கும் வீட்டுக்கு அந்த அட்டை வட்டியைவிடப் பலமடங்கு பெறும். அப்படிப்பட்டவர் அந்த 2 லட்சத்தை அப்படியே வைப்பில் போடாமல், ஒரு பகுதியைத் தொழிலுக்கான இரண்டாவது மிஷினாகவோ, நீண்ட காலத்துக்குப் பி.பி.எஃப்.பிலோ திருப்பலாம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். குறைத்து எழுதச் சொல்லிக் காசு கேட்பவர்கள் அந்த மையத்து வாசலிலேயே நிற்பார்கள். பின்னால் சரிபார்க்கும்போது பதில் சொல்லப்போவது அவர்கள் இல்லை. நிலம் வாங்குவதென்றால் இன்னும் யோசிக்க வேண்டும். அதே வருவாய்த் துறையின் முதியோர் உதவித்தொகைக்கு நிலையான சொத்து மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டக்கூடாது என்ற கணக்கு இருக்கிறது. வீட்டில் அம்மா அதை வாங்கிக்கொண்டிருந்தால், மகன் சேமித்த பணத்தில் மனையை அம்மா பேரில் பதிவது அவர் பென்ஷனைத் தொட்டுவிடும்.

மொத்தமாகப் பணம் வரும் சமயம்தான் ஆபத்தானது. ஆலை விபத்து இழப்பீடு, பி.எஃப்., சாலை விபத்து வழக்கில் தீர்ப்பான தொகை என்று லட்சக்கணக்கில் ஒரே நாளில் ஏறும். வீட்டுக்கு வராத உறவெல்லாம் வரும். விபத்து இழப்பீட்டை மொத்தமாகக் கையில் கொடுக்காமல் நீண்டகால வைப்பில் போடுவதற்கான நெறிகளை உச்ச நீதிமன்றம் 1993இல் சூசம்மா தாமஸ் வழக்கில் சொன்னது இதை அறிந்துதான். வக்கீலிடம் நீங்களே கேட்டு, தொகையில் பெரும்பகுதியை வைப்பாகவும் வட்டி மாதாமாதம் வரும்படியும் உத்தரவு வாங்கிக்கொள்ளலாம். இழப்பீட்டை ஆண்டு வருமானமாக எழுத வேண்டியதில்லை. அதிலிருந்து வரும் வட்டியை எழுத வேண்டும். உத்தரவு நகலைப் பத்திரப்படுத்துங்கள். கணக்கில் திடீரென 4 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கிராம நிர்வாக அலுவலர் கேட்டால் அந்த நகல் பேசும்.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளை என்றால் வழி கொஞ்சம் நீளம். பிள்ளைக்கு 18 ஆனதும் அம்மா அப்பா தாமாகவே காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்நிலைக் குழு சட்டக் காப்பாளரை நியமிக்கும். அந்தச் சான்றை வைத்து வங்கியில் பிள்ளை பேரில் கணக்கை நடத்தலாம். அதற்கான மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில். கும்மிடிப்பூண்டிக்காரருக்கு அது பெயருக்குத்தான் சொந்த மாவட்டத் தலைநகர். இரயிலில் போவதென்றால் சென்னைக்குள் இறங்கி வேறு பாதை வண்டி பிடிக்க வேண்டும், சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையோடு அது ஒரு நாள் வேலை. எனவே பிறப்புச் சான்று, யு.டி.ஐ.டி., ஆதார், பெற்றோர் ஆதார், புகைப்படங்கள் எல்லாவற்றையும் இரண்டிரண்டு நகலாக எடுத்துக்கொண்டு போவதே புத்திசாலித்தனம். காப்பாளர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் கொடுக்க வேண்டும். ஆகவே பிள்ளையின் 2,000 ரூபாயை வீட்டுச் செலவோடு கலக்காமல் ஒரு நோட்டில் எழுதி வருவது முதல் நாளிலிருந்தே நல்லது. அதே பிரயாணத்தில் நிராமயா என்னும் மருத்துவக் காப்பீட்டையும் கேட்டுவிடுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் வரை மருத்துவச் செலவு, முன்பரிசோதனை கிடையாது. அப்பாவுக்கு ஆலையில் பி.எஃப். ஓய்வூதியத் திட்டம் இருந்தால், அவர் காலத்துக்குப்பின் முழு ஊனமுற்ற பிள்ளைக்கு வயது பார்க்காமல் ஆயுள் முழுக்க ஓய்வூதியம் உண்டு. பிள்ளையின் பெயர் அவருடைய குடும்ப விவரப் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று அவர் வேலையில் இருக்கும்போதே பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபிறகும் ஒரு மாதம் தொகை வராமல் போகலாம். உடனே ஆர்.டி.யை உடைக்க வேண்டாம், சேமிப்பால்தான் நின்றது என்று முடிவு கட்டவும் வேண்டாம். முதலில் வேறு கணக்குக்குப் போயிருக்கிறதா என்று வங்கியில் ஆதார் இணைப்பைக் கேளுங்கள். இல்லையென்றால், பொன்னேரியோ கும்மிடிப்பூண்டியோ உங்கள் தாலுகாவின் தனி வட்டாட்சியரிடம் போய், ஏன் நின்றது என்பதற்கு எழுத்தில் காரணம் கேட்டு மனுக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். வாய்ப்பேச்சில் "மேல இருந்து கட் ஆயிருக்கு" என்பதை ஏற்க வேண்டாம். அங்கே நகராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்பு நாள். அதற்கும் அசையாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். 2016 சட்டம் அவருக்கு விசாரணையில் உரிமையியல் நீதிமன்ற அதிகாரங்களைக் கொடுத்திருக்கிறது, மனுவைத் தபாலிலேயே அனுப்பலாம். மனுவோடு ஆணை நகல், யு.டி.ஐ.டி. நகல், கடைசியாகப் பணம் ஏறிய பாஸ்புத்தகப் பக்கம் மூன்றும் போதும்.